கணினி கேள்வி-பதில்: 10.0.2.15 என்று இருந்தால் சாம்பாவைத் தொடாதீர்கள்

கேள்வி: வீட்டு டெஸ்க்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) போட்டு, அதற்குள் உபுண்டு சர்வர் நிறுவி, கல்யாண ஆல்பம், வீடியோ எல்லாவற்றையும் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் மூலம் ஒரே இடத்தில் வைக்கலாம் என்று ஆரம்பித்தேன். உபுண்டுவுக்குள் இணையம் ஒழுங்காக வருகிறது, அப்டேட் இறங்குகிறது. ஆனால் மனைவியின் லேப்டாப்பிலிருந்தோ டிவியிலிருந்தோ சர்வரைப் பிடிக்கவே முடியவில்லை. ஃபயர்வாலை நிறுத்திவிட்டேன், சாம்பாவை நீக்கி மறுபடி நிறுவினேன், ஒன்றும் நடக்கவில்லை. சர்வரின் ஐபி முகவரி 10.0.2.15. வீட்டில் மற்றதெல்லாம் 192.168.1 என்று ஆரம்பிக்கிறது. எங்கே கோளாறு?
– வாசகர், ஈரோடு

பதில்: முகவரியை எழுதினீர்களே, அங்கேதான். சாம்பா பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

10.0.2.15 உங்கள் ரவுட்டர் கொடுத்த முகவரி அல்ல. விர்ச்சுவல்பாக்ஸ் தனக்குள் ஒரு குட்டி ரவுட்டரை வைத்துக்கொண்டு கொடுப்பது. புதிதாக உருவாக்கும் விர்ச்சுவல் மெஷினுக்கு நேட் என்ற முறைதான் முதலில் போட்டிருக்கும், அதனால் யார் வீட்டில் பார்த்தாலும் இதே 10.0.2.15, வெளியே போகும் வாசலான கேட்வே 10.0.2.2. இந்த முறையில் உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து யாரும் தானாக உள்ளே வர முடியாது. இணையம் வருகிறதே, அப்படியென்றால் நெட்வொர்க் சரிதான் என்று நினைத்து சாம்பாவைப் போட்டு உலுக்கியிருக்கிறீர்கள். நிறையப் பேர் செய்வதுதான்.

மெஷினை நிறுத்திவிட்டு, செட்டிங்ஸில் நெட்வொர்க், அடாப்டர் 1-க்குப் போய் நேட் என்பதை பிரிட்ஜ்டு அடாப்டர் என்று மாற்றுங்கள். அப்போது மெஷின் வீட்டு ரவுட்டரிடமே நேராக முகவரி வாங்கும். அதற்குக் கீழேயே நேம் என்று ஒரு பட்டியல் இருக்கும், பலரும் அதைக் கவனிக்காமல் ஓகே கொடுத்துவிடுவார்கள். கம்ப்யூட்டரில் விபிஎன், ப்ளூடூத் எல்லாம் இருந்தால் அவையும் அந்தப் பட்டியலில் வரிசையாக நிற்கும், தவறானது தேர்வாகியிருந்தால் மெஷினுக்கு முகவரியே கிடைக்காது. ரவுட்டருக்குப் போகும் கேபிள் எந்த அடாப்டரில் செருகியிருக்கிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். அப்புறம் மெஷினைக் கிளப்பி முகவரியைப் பாருங்கள். 192.168.1 என்று வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இன்னும் 10.0.2.15-ஏ காட்டினால், பெரும்பாலும் எப்போதோ உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு இருக்கும் நெட்பிளான் கோப்பில் அந்த முகவரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

டெஸ்க்டாப் வைஃபையில் ஓடுகிறதா? அப்படியென்றால் கொஞ்சம் தகராறு. வைஃபையில் ரவுட்டர் தன்னிடம் இணைந்த மேக் முகவரியோடு (ஒவ்வொரு நெட்வொர்க் அடாப்டருக்கும் உள்ள அடையாள எண்) மட்டும்தான் பேசும், விர்ச்சுவல் மெஷினுக்கோ தனி மேக் முகவரி. அதனால் வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் மெஷினின் மேக் முகவரியை எடுத்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரின் மேக் முகவரியை எழுதி அனுப்புகிறது விர்ச்சுவல்பாக்ஸ். சில வீடுகளில் இது ஓடும், சில வீடுகளில் முரண்டு பிடிக்கும். ஃபைல் சர்வர் என்று ஒன்று வைக்கிறீர்கள், ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுங்கள், வேகத்துக்கும் அதுதான் நல்லது.

நேட்டிலேயே வைத்துக்கொண்டு போர்ட் ஃபார்வர்டிங் (கம்ப்யூட்டரின் ஒரு போர்ட்டுக்கு, அதாவது நுழைவு எண்ணுக்கு, வருவதை மெஷினுக்குள் தள்ளிவிடுவது) செய்யலாமே என்று யாராவது சொல்வார்கள். தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்எச்சுக்கு அது சரி. சாம்பாவுக்கு 445-ஆம் போர்ட் வேண்டும், அதை உங்கள் விண்டோஸ் தன் சொந்தக் கோப்புப் பகிர்வுக்காக ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கும். அந்த வழியில் நேரம்தான் வீணாகும்.

பிரிட்ஜ்டு ஆன பிறகும் லேப்டாப்பின் நெட்வொர்க் பக்கத்தில் சர்வரின் பெயர் தெரியாமல் போகலாம், பயப்பட வேண்டாம். அந்தப் பட்டியல் எஸ்எம்பி 1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை நம்பியிருந்தது, 2017-இல் வந்த 1709 பதிப்பிலிருந்து விண்டோஸ் 10 அந்த முறையைக் கைவிட ஆரம்பித்துவிட்டது. முகவரிப் பட்டையில் நேராக \\192.168.1.50 என்று உங்கள் எண்ணைப் போட்டுத் தட்டுங்கள், திறந்துவிடும். பெயரும் தெரிய வேண்டும் என்றால் உபுண்டுவில் டபிள்யூஎஸ்டிடி (wsdd) என்ற பொதியை நிறுவலாம். கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வு மட்டும் வேண்டாம், விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு அதை அப்படியே மறுத்துவிடும். smbpasswd கட்டளையால் சாம்பாவுக்கென்று தனியாகக் கடவுச்சொல் வையுங்கள். உபுண்டு கடவுச்சொல்லைப் போட்டுவிட்டு உள்ளே விடமாட்டேன் என்கிறதே என்று குழம்புவது இங்கேதான்.

லேப்டாப் விருந்தாளிகளுக்கென்று தனியாகப் பிரித்த கெஸ்ட் வைஃபையில் இருந்தால் எதைச் செய்தாலும் சர்வர் தெரியாது, அதையும் பார்த்துவிடுங்கள். முகவரி நாளைக்கு மாறாமல் இருக்க ரவுட்டரில் முகவரிகளைப் பகிர்ந்து கொடுக்கும் டிஎச்சிபி பக்கத்தில் மெஷினின் மேக் முகவரிக்கு ஓர் எண்ணை ஒதுக்குங்கள். 08:00:27 என்று தொடங்குவதுதான் உங்கள் விர்ச்சுவல்பாக்ஸ் மெஷின். அப்புறம், நிறுத்திய ஃபயர்வாலைத் திரும்பப் போட்டு அதில் சாம்பாவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த உபுண்டு சர்வரை க்ளோன் செய்தேன், அதாவது நகல் எடுத்தேன். புதிய மேக் முகவரி உருவாக்கச் சொல்லித்தான் செய்தேன். ஆனாலும் இரண்டும் ஒரே ஐபி முகவரியோடு எழுகின்றன, மாறி மாறித் தொடர்பு அறுகிறது.
– வாசகி, மதுரை

பதில்: உபுண்டு சர்வர் ரவுட்டரிடம் முகவரி கேட்கும்போது மேக் முகவரியை மட்டும் சொல்லிக் கேட்பதில்லை, ஈடிசி (/etc) கோப்புறையில் இருக்கும் மெஷின்-ஐடி (machine-id) என்ற கோப்பிலிருந்து செய்த அடையாளத்தையும் சொல்லிக் கேட்கிறது. க்ளோனில் அந்தக் கோப்பும் அச்சு அசலாக வந்துவிட்டது, ரவுட்டர் இரண்டையும் ஒரே ஆள் என்று நினைக்கிறது. க்ளோனில் அந்தக் கோப்பை நீக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் காலியாக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள், புதிதாக ஒன்றை எழுதிக்கொள்ளும்.

கேள்வி: ஆபீஸிலிருந்து வீட்டு சர்வரைத் திறக்க ரவுட்டரில் 445-ஆம் போர்ட்டைத் திறந்துவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடவே கூடாது. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிவைத்த வான்னாக்ரை வைரஸ் பரவியது விண்டோஸில் இந்த வழியாகத்தான், அதே மாதம் சாம்பாவிலும் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. ரவுட்டரின் வான் முகவரி (இணையப் பக்கத்து முகவரி) 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் திறந்தும் பயனில்லை, இணைய நிறுவனம் உங்களையே ஒரு நேட்டுக்குப் பின்னால் வைத்திருக்கிறது. கருவிகளைத் தனி வழியில் பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேலை சர்வரிலும் ஆபீஸ் லேப்டாப்பிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் போதும், ரவுட்டர் பக்கமே போக வேண்டாம். ஆபீஸ் லேப்டாப் என்பதால் அங்கே ஐடி ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.