எல்லாம் காஸ்ரிக் இல்லை: வாசகர் கேள்வி, டொக்டர் பதில்

திருகோணமலைப் பக்கமிருந்து வயிற்றைப் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து இந்த முறை பதில் எழுதுகிறேன். பெயர்களைப் போடவில்லை. சில கடிதங்கள் நீளமாக இருந்ததால் கேள்வியை மட்டும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

உப்புவெளியில் ஓட்டோ ஓடுகிறேன், வயது 38. விடிய ஒரு பிளேன் ரீயோடு வெளிக்கிடுவேன். மத்தியானச் சாப்பாடு இரண்டு மணியும் ஆகும், மூன்று மணியும் ஆகும். இரவு பத்து மணிக்கு வந்து கொத்து ரொட்டியோ புட்டோ சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துவிடுவேன். நடுச்சாமத்தில் நெஞ்சு எரிகிறது, புளித்த தண்ணி தொண்டைக்கு வருகிறது. உறைப்புத்தான் காரணம் என்று மனிசி கறிக்கு மிளகாய்த்தூளே போடுவதில்லை. இருந்தும் குறையவில்லை.

தம்பி, மிளகாய்த்தூளைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், அளவாக. உறைப்பு வயிற்றில் புண்ணை உண்டாக்காது. ஏற்கனவே நெஞ்செரிவு உள்ளவருக்கு எரிவைக் கூட்டலாம், அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்தப் பத்து மணிக் கொத்தும், சாப்பிட்ட கையோடு படுப்பதும்தான்.

உணவுக்குழாய் இரைப்பையோடு சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறந்து, பிறகு இறுகிக்கொள்ளும். வயிறு முட்டச் சாப்பிட்டால், அதிலும் எண்ணெய் கூடின சாப்பாடு என்றால், அந்த வளையம் தளர்ந்துவிடும். இரைப்பையில் இருந்து சாப்பாடு இறங்கிப் போக சாதாரண நாளிலேயே 2 முதல் 4 மணித்தியாலம் வேண்டும், கொத்து ரொட்டிக்கு இன்னும் கூட எடுக்கும். அதற்குள் நீங்கள் படுத்துவிட்டால் அமிலம் மேலே ஏறுவதற்குத் தடையே இல்லை. அமிலத்தைத் தாங்க இரைப்பைக்குள் தடித்த சளிப்படலம் இருக்கிறது, உணவுக்குழாய்க்கு அப்படி ஒரு காப்பு இல்லை, அதனால்தான் அந்த எரிவு.

ஓட்டோ ஓடுகிறவருக்கு எட்டு மணிக்கு வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி என்ன பயன், ஹயர் வருகிற நேரத்தில் போகத்தானே வேண்டும். ஆனால் சாப்பாட்டை முன்னால் நகர்த்தலாம். விடிய வெறும் தேத்தண்ணியோடு வெளிக்கிடாமல் பாணும் சம்பலுமோ இடியப்பமும் சொதியுமோ சாப்பிடுங்கள், ஒன்றுமே ஏலாது என்றால் இரண்டு வாழைப்பழமாவது. வண்டியில் ஒரு டப்பாவில் அவித்த கடலை வைத்திருங்கள். இரவுச் சாப்பாட்டை ஏழு, ஏழரைக்கு எங்கேயாவது நிறுத்தி முடித்துவிட்டால், பத்து மணிக்கு வீட்டில் பசித்தாலும் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் 2, 3 மணித்தியாலம் இருக்கட்டும். தலையணையை அடுக்கிப் படுக்க வேண்டாம், அது வயிற்றை மடித்து இன்னும் அமுக்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே 6 முதல் 8 அங்குலத்துக்குக் கட்டை வையுங்கள், இடது பக்கம் சரிந்து படுங்கள். சிகரெட் பிடிக்கிற பழக்கம் இருந்தால் அதுவும் அந்த வளையத்தைத் தளர்த்தும். ஏப்பம் வரட்டும் என்று சோடா குடிப்பதும் உதவாது, வாயு போய் இரைப்பையை இன்னும் ஊதவைக்கும்.

இன்னொன்றை எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது மாதிரி நோ, வியர்வை, மூச்சு முட்டு, தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவுகிற நோ, ஏறி நடக்கும்போது வந்து நின்றால் குறைகிற நோ, இவற்றைக் காஸ்ரிக் என்று சொல்லிக்கொண்டு வீட்டில் இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். மாரடைப்பு அப்படித்தான் வரும். 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

சாப்பிடும்போது தண்ணி குடித்தால் சமிபாட்டு நீர் கரைந்துவிடும் என்கிறார்களே? (ஓர்ஸ் ஹில்)

கரையாது. தேவைக்குக் குடியுங்கள். வயிறு ஊதுகிறவர்கள் ஒரேயடியாக இரண்டு டம்ளர் குடிக்காமல் மிடறு மிடறாகக் குடித்தால் சரி.

மூன்று பேரும் ஒரே சூரை மீன் கறிதான் சாப்பிட்டோம். அரை மணித்தியாலத்துக்குள் எனக்கும் மகனுக்கும் முகம் சிவந்து, தலை இடித்து, உடம்பு முழுக்கக் கடித்து, வயிற்றாலும் போனது. கணவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாதா? பிறந்ததில் இருந்து மீன் சாப்பிட்டு வளர்ந்தவள். (சல்லி)

தங்கச்சி, கடற்கரையில் பிறந்த உங்களுக்கு இந்த வயதில் திடீரென்று, அதுவும் மகனுக்கும் சேர்த்து ஒரே நாளில், மீன் ஒவ்வாமை வந்திருக்கும் என்று நான் முதலில் நினைக்க மாட்டேன். மீன் வெயிலில் கிடந்திருக்கும் என்றுதான் நினைப்பேன்.

சூரை, கெலவல்லா, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய உண்டு. மீன் செத்தபிறகு ஐஸ் இல்லாமல் கிடந்தால் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். ஒவ்வாமை வரும்போது நம் உடம்பு சுரக்கிற அதே பொருள்தான் இது, அதனால்தான் பார்க்க ஒவ்வாமை மாதிரியே இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளுக்குள் தானாகக் குறைந்துவிடும், ஒவ்வாமைக்குக் கொடுக்கிற குளிசை கேட்கும். ஒரே மீனில் ஒரு துண்டில் கூடவும் இன்னொன்றில் குறையவும் இருக்கலாம், கணவர் தப்பியது அப்படியாக இருக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, ஹிஸ்டமின் ஒருமுறை உண்டாகிவிட்டால் பிறகு அவித்தாலும் பொரித்தாலும் புளி விட்டாலும் குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் போகாது. மணத்திலும் எப்போதும் பிடிபடாது. சிலருக்கு முதல் வாயிலேயே நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு சுணை தெரியும், தெரிந்தால் அந்தக் கறியை விட்டுவிடுங்கள், காசு போகிறதே என்று பார்க்க வேண்டாம். சந்தைக்கு வெள்ளென போங்கள். மீன் பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள், செவுளைத் தூக்கிச் சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள், மீனைக் கடைசியாக வாங்கி நேரே வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் மீன் பையை மோட்டார் சைக்கிளில் கொழுவிவிட்டு இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினாலே பழுதாகத் தொடங்கிவிடும்.

ஒன்று மட்டும்: மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தாலோ, உதடு நாக்கு வீங்கினாலோ, நல்ல புது மீனுக்கும் திரும்ப இப்படி வந்தாலோ, ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும்.

அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் நோவுக்குப் பார்மசியில் குளிசை வாங்கிப் போடுகிறா, சில நாள் சாப்பிடாமலும் போடுவா. இரண்டு கிழமையாக வயிறு எரிகிறது என்கிறா. நேற்றில் இருந்து மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதாம். இதற்கு என்ன சாப்பாடு கொடுக்கலாம்? (மூதூர்)

மகள், இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்காக. இதற்குச் சாப்பாடு மருந்து இல்லை. தார் மாதிரிக் கறுத்து, ஒட்டுப்பிடித்து, வழமையில்லாத நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ இரத்தம் கசிகிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அதை வீட்டில் இருந்து நாங்களே தீர்மானிக்க வேண்டாம்.

டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாதிரி நோக் குளிசைகள் நோவை உண்டாக்குகிற பொருளை மட்டும் தடுப்பதில்லை, இரைப்பையின் சளிப்படலத்தைக் காக்கிற பொருளையும் சேர்த்தே தடுத்துவிடும். அந்தக் காப்புப் போனால் சொந்த அமிலமே சுவரைத் தின்னும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிவு கொஞ்சம் குறையலாம், ஆனால் புண் வருகிற ஆபத்து அதனால் போய்விடாது, ஏனென்றால் குளிசை இரத்தத்தில் கலந்துதான் இந்த வேலையைச் செய்கிறது. 60 வயது தாண்டியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. பெயர் தெரியாத இரண்டு மூன்று குளிசைகளைச் சின்னப் பேப்பர் உறையில் போட்டுத் தருகிறார்களே, அதை வாங்காதீர்கள். என்ன குளிசை என்று உறையில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். முழங்கால் நோவுக்குப் பரசிட்டமோல் அளவோடு போடலாம், பூசுகிற ஜெல் இருக்கிறது, தொடைத் தசைக்கு உடற்பயிற்சி இருக்கிறது, ஆஸ்பத்திரி கிளினிக்கில் அதைச் சொல்லித் தருவார்கள். இதய வருத்தத்துக்கு அஸ்பிரின் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம், உங்கள் டொக்டரிடம் கதையுங்கள்.

மகள் ஏ.எல். படிக்கிறாள். விடிய ரியூசனுக்குச் சாப்பிடாமல் ஓடுகிறாள், இடைவேளையில் ரோல்ஸும் மிக்சரும். வயிற்றுக்குத்து, வயிறு ஊதல், மூன்று நாளைக்கு ஒருக்கால்தான் வெளிக்குப் போகிறாள். (பாலையூற்று)

பள்ளிக்கூட மலசலகூடம் துப்புரவாக இல்லை என்று அடக்குகிறாளா என்று மெதுவாகக் கேளுங்கள். அங்கே போகாமல் இருக்க வேண்டும் என்றே தண்ணி குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர், வெட்கத்தில் தாயிடமும் சொல்வதில்லை. நம் ஊர் வெக்கைக்குத் தண்ணி குறைந்தால் மலம் கல்லாக இறுகிவிடும், அதற்கு மேல் அடக்கினால் வயிறு ஊதாமல் என்ன செய்யும். காலையில் ஏதாவது சாப்பிட்டால் பெருங்குடல் தானாக அசையும், அதனால் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு அவசரமில்லாமல் பத்து நிமிடம் மலசலகூடத்தில் இருக்கிற மாதிரி நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். பத்து நிமிடம் முந்தி எழும்பினால் போதும். ரோல்ஸைத் திட்ட வேண்டாம், கிழமையில் ஒருநாள் சாப்பிடட்டும். மற்ற நாட்களுக்குக் குரக்கன் புட்டு, அவித்த பயறு, பப்பாசிப்பழம், மத்தியானத்தில் முருங்கையிலை வறை, இப்படி நார்ச்சத்து உள்ளதாகக் கொடுங்கள். பள்ளிக்கூட விஷயத்தைப் பெற்றோர் கூட்டத்தில் எழுப்புங்கள், அதுவும் மருந்துதான். மெலிவு, மலத்தில் இரத்தம், இரவில் நித்திரையைக் கலைக்கிற நோ இருந்தால் காட்ட வேண்டும்.

நோன்பு காலத்தில் எனக்குப் பகலில் வயிறு எரிவதில்லை, நோன்பு திறந்த பிறகுதான் எரிகிறது. ஏன்? (கிண்ணியா)

நாள் முழுக்க வெறுமையாக இருந்த இரைப்பைக்குள் பேரீச்சம்பழம், சர்பத், சமோசா, பற்றிஸ், கஞ்சி, அதற்கு மேல் சோறு என்று பதினைந்து நிமிடத்தில் எல்லாம் போகிறது. பேரீச்சம்பழத்தோடும் தண்ணியோடும் திறந்து, நோன்புக் கஞ்சியைக் குடித்துவிட்டுத் தொழுகைக்குப் போங்கள், சாப்பாட்டைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பொரித்ததை ஒன்றோடு நிறுத்துங்கள். விடியுமுன் சஹர் சாப்பிட்ட கையோடு படுக்காமல் சுபஹ் தொழுகையை முடித்துக் கொஞ்சம் நடந்துவிட்டுப் படுங்கள். அல்சர் இருப்பவர்கள், வேளாவேளைக்கு மருந்து போடுகிறவர்கள், நோன்பு தொடங்குவதற்கு முன்பே டொக்டரிடம் போய் மருந்து நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடமாக விடிய ஒமிப்பிரசோல் (இரைப்பை அமிலத்தைக் குறைக்கிற மருந்து) போடுகிறேன். நிறுத்தினால் பழையபடி வருகிறது. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியதுதானா? (நிலாவெளி)

ஏன் தொடங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. சிலருக்கு உண்மையில் நீண்ட காலம் தேவை. ஆனால் மாதக் கணக்கில் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் சில கிழமைக்குக் கூடுதலாகச் சுரக்கும், அதை வருத்தம் திரும்பிவிட்டது என்று எண்ணித் திரும்பவும் தொடங்குவார்கள். டொக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைப்பது நல்லது. போடுகிற வரைக்கும் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் போடுங்கள், சாப்பிட்ட பிறகு போட்டால் பலன் குறைவு. நீண்ட காலம் போடுகிறவர்களுக்கு உடம்பில் பி12 விற்றமினும் மக்னீசியமும் குறையலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக, உங்களுக்கு ஹெலிக்கோபாக்டர் பைலோரி இருக்கிறதா என்று யாராவது சோதித்தார்களா? இரைப்பையின் அமிலத்துக்குள்ளேயே வாழ்கிற பக்டீரியா அது. அல்சருக்குக் காரணம் கவலையும் உறைப்பும் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, அவுஸ்திரேலியாவில் ரொபின் வொரன், பரி மார்ஷல் என்ற இரண்டு டொக்டர்கள் 1982இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பவில்லை என்று மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் பொதுவாக இரண்டு கிழமை அன்ரிபயோட்டிக்கோடு சேர்ந்த மருந்தில் அழித்துவிடலாம், இடையில் சுகமாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. மூச்சிலோ மலத்திலோ சோதனை செய்வார்கள், அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே ஒமிப்பிரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். இதைச் சோதனைக்குப் போகும்போது ஞாபகப்படுத்துங்கள்.

பழஞ்சோறு வயிற்றுக்கு நல்லதா கெட்டதா? (தம்பலகாமம்)

நல்லது, ஆனால் பானைக்குள் மறந்து கிடந்த சோறு பழஞ்சோறு ஆகாது. சோறு ஆறியவுடன், கொதிக்கவைத்து ஆறின தண்ணி ஊற்றி, சுத்தமான சட்டியில் மூடி வையுங்கள். இரவில் நல்ல பக்டீரியா அதை மெல்லப் புளிக்கவைக்கும். காலையில் தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அளவான உப்போடு சாப்பிடலாம், கருவாடு கூட வைத்தால் உப்பைத் தனியாகப் போட வேண்டாம். மத்தியானம் வரைக்கும் வைக்கக் கூடாது. சோறு வழுவழுத்துப் போனாலோ, புளிப்பு மணத்துக்குப் பதிலாக வேறு மணம் அடித்தாலோ, அன்றைக்குக் கொட்டிவிட்டு வேறு ஏதாவது சாப்பிடுங்கள்.