ஏஎம்டி சூடாகுமா? சித்தப்பா சொல்வது 2001இல் சரி

கேள்வி இது: "புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறேன். ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர் வாங்கலாம் என்று சொன்னால், ஏஎம்டி சூடாகும், ரெண்டு வருஷத்தில் போய்விடும், இன்டெல்லே வாங்கு என்று சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார். அவர் சொல்வது உண்மையா?"

உங்கள் சித்தப்பா இதை எங்கிருந்து பிடித்தார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது, ஏனென்றால் நானும் அங்கிருந்துதான் பிடித்தேன். 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற தளம் ஒரு வீடியோ போட்டது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸர் மேல் சூட்டை உறிஞ்ச இருக்கும் உலோகக் கட்டியை, அதாவது ஹீட் சிங்கை, கழற்றி எடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பார்கள். இன்டெல்லின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தத்தித் தத்தியாவது ஓடியது. பென்டியம் 3 அப்படியே நின்றுபோனது, ஆனால் சாகவில்லை. ஏஎம்டியின் அத்லான் மட்டும் சில நொடிகளில் புகை விட்டுச் செத்தது. இங்கே அப்போது டயலப் காலம், அந்த வீடியோவைப் பார்த்தவர்களைவிட, பார்த்தவர் சொல்லக் கேட்டவர்கள்தான் அதிகம். கேட்டவர்கள் கடைகளில் சொன்னார்கள், கடைக்காரர்கள் வாங்க வந்தவர்களிடம் சொன்னார்கள், அது இன்று உங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஓடுகிற கணினியில் ஹீட் சிங்கை எவன் கழற்றுவான் என்று அன்றே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குறை இருந்தது உண்மை. அன்றைய அத்லானுக்குத் தன் சூட்டைப் பார்த்துத் தானே அடங்கிக்கொள்ளத் தெரியாது. அடுத்து வந்ததில் சூட்டை அளக்கும் டையோடு வைத்தார்கள், ஆனால் அதைப் படித்து மின்சாரத்தை நிறுத்த வேண்டியது மதர்போர்டின் வேலை, பல போர்டுகள் அதைச் செய்யவில்லை. போதாததற்கு சிலிக்கன் சில்லின் மேல் மூடி இல்லை, கூலரின் (ஹீட் சிங்கும் விசிறியும் சேர்ந்தது) கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கும்போது கை கொஞ்சம் சரிந்தால் சில்லின் மூலை உடைந்துவிடும். ஆக, சித்தப்பா 2001இல் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சூடு என்ற பழி இந்த இரண்டு கம்பெனிகளுக்கும் நடுவில் பந்து மாதிரி போய்ப் போய் வந்திருக்கிறது. கவனித்துப் பார்த்தால், எந்தக் காலத்தில் யார் பின்தங்கியிருக்கிறாரோ அவருடைய ப்ராசஸர்தான் அந்தக் காலத்தில் அதிகம் கொதிக்கும். இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. ப்ராசஸர் தின்னும் மின்சாரம் அதன் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். வேகத்தை 10 சதவீதம் கூட்ட வேண்டும், அதற்கு வோல்டேஜையும் 10 சதவீதம் ஏற்ற வேண்டும் என்று வையுங்கள்: 1.1 × 1.1 × 1.1, அதாவது 33 சதவீதம் கூடுதல் மின்சாரம், அவ்வளவும் சூடு. நல்ல டிசைன் கையில் இருப்பவர் இந்த விலையைக் கொடுக்க மாட்டார். டிசைனிலோ தயாரிப்பிலோ பின்தங்கி, எப்படியாவது பெட்டியின் அட்டையில் பெரிய வேக எண்ணைப் போட்டாக வேண்டும் என்று இருப்பவர்தான் வோல்டேஜைத் திருகுவார்.

முதல் திருப்பம் 2004. இன்டெல் பென்டியம் 4ஐ கிகாஹெர்ட்ஸ் என்ற வேக எண்ணை ஏற்றுவதற்காகவே கட்டியிருந்தது, 10 கிகாஹெர்ட்ஸ் வரை போவோம் என்றெல்லாம் பேச்சு. அந்த வருடம் வந்த பிரஸ்காட் என்ற பதிப்பில் ஒரு கட்டளை 31 படிகளைத் தாண்டி வெளியே வர வேண்டும், முந்தைய பதிப்பில் 20தான். வேகம் நினைத்த அளவு ஏறவில்லை, சூடு ஏறியது, பிரஸ்காட் என்ற பெயரையே பிரஸ்ஹாட் என்று மாற்றிக் கிண்டல் செய்தார்கள். 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லிவிட்டு 2004 அக்டோபரில் கைவிட்டார்கள். அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார், பாதி விளையாட்டாகத்தான், ஆனாலும் கேட்டார். அதே நேரத்தில் ஏஎம்டியின் அத்லான் 64, வேலை இல்லாதபோது வேகத்தையும் வோல்டேஜையும் இறக்கிக்கொண்டு சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. கொதித்தது இன்டெல், குளிர்ந்தது ஏஎம்டி. நம் ஊரில் இது யார் காதிலும் விழவில்லை.

ஒரு கிளைக்கதை. இரண்டு கம்பெனி ப்ராசஸர்களும் புரிந்துகொள்ளும் கட்டளை மொழியான x86ஐ 64 பிட்டுக்கு நீட்டியது ஏஎம்டி, 2003இல். இன்டெல் இட்டானியம் என்று வேறு வழியில் போய்ப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமே ஏஎம்டியின் வடிவத்தைத் தானும் எடுத்துக்கொண்டது. சித்தப்பாவின் கணினியில் 64 பிட் விண்டோஸ் இருந்தால், உள்ளே வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரைத் திறந்து காட்டுங்கள். இன்டெல் ப்ராசஸரே ஆனாலும் உள்ளே வரிசையாக "ஏஎம்டி64" என்று தொடங்கும் பெயர்கள் இருக்கும். சண்டைக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளட்டும்.

2006இல் பந்து திரும்பிப் போனது. மடிக்கணினிக்காக இஸ்ரேலில் இருந்த இன்டெல் குழு செய்திருந்த டிசைனின் வழியில் கோர் 2 டுவோ வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். அதற்கு முன் அதே கம்பெனியின் உச்ச மாடல் 3.73 கிகாஹெர்ட்ஸ், 130 வாட். பாதி வாட்டில் ஓடிய புதியது பழையதை முந்தியது. ஏஎம்டி அங்கே விழுந்து பத்து வருடம் எழவில்லை. 2011இல் புல்டோசர் என்று எட்டு கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) ப்ராசஸர் விட்டார்கள், இரண்டிரண்டு கோர்கள் சில பாகங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு, இதை எட்டு என்று விற்கலாமா என்று வழக்கே போட்டு, கடைசியில் 2019இல் 12.1 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. வேகம் போதவில்லை என்றதும் ஏஎம்டி என்ன செய்தது? அதே திருகல்தான். 2013இல் எஃப்எக்ஸ் 9590, 5 கிகாஹெர்ட்ஸ், 220 வாட். அதே வருட இன்டெல் ஐ7 4770கே 84 வாட். அந்த 220 வாட்டைத் தாங்கும் போர்டைத் தேடிப் பிடிப்பதே தனி வேலை. சித்தப்பாவின் பழைய நம்பிக்கைக்குப் புது உயிர் கொடுத்தது இந்த எஃப்எக்ஸ் காலம்தான் என்று நினைக்கிறேன்.

இந்தப் பத்து வருடத்தில் எனக்கு எரிச்சல் தருவது வேறு. எதிரி படுத்துக் கிடந்ததால் இன்டெல் சாதாரண டெஸ்க்டாப்புக்கு நான்கு கோருக்கு மேல் கொடுக்கவே இல்லை. வருடா வருடம் புதுப் பெயர், அதே நான்கு. 2017 மார்ச்சில் ரைசன் வந்தது, எட்டு கோர் ரைசன் 7 1700க்கு 65 வாட், அப்போதைய நான்கு கோர் ஐ7 7700கேவுக்கு 91 வாட். அதே வருட அக்டோபரில் இன்டெல்லிடமிருந்து ஆறு கோர் வந்துவிட்டது. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தார்களோ.

அப்புறம் இன்டெல் தயாரிப்பில் மாட்டிக்கொண்டது. தயாரிப்பின் நுணுக்கத்தை நானோமீட்டரில் சொல்வார்கள், எண் சிறிதானால் நல்லது. 2015இல் டெஸ்க்டாப்பில் 14 நானோமீட்டர், 2021இலும் அதுவே. சொந்தத் தொழிற்சாலை இல்லாத ஏஎம்டி 2019இலேயே தைவானின் டிஎஸ்எம்சியிடம் 7 நானோமீட்டரில் செய்து வாங்கிக்கொண்டிருந்தது. மறுபடி பின்தங்கியவர் திருகினார். ஐ9 14900கேவுக்கு இன்டெல் வைத்த உச்ச வரம்பு 253 வாட், 6 கிகாஹெர்ட்ஸ். 2024இல் விவகாரம் வெடித்தது. 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் கேம்கள் திடீர் திடீரென்று மூடிக்கொண்டன, வந்த பிழைச் செய்தியோ வீடியோ மெமரி போதவில்லை என்றது, அதனால் பாவம் பலர் கிராஃபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி மெல்ல மெல்லக் கெட்டுக்கொண்டிருந்ததுதான் காரணம். இன்டெல் அதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்ட் 2024 முதல் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் மென்பொருள்) திருத்தம் கொடுத்தது, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. "ரெண்டு வருஷத்தில் போய்விடும்" என்ற வாக்கியம் கடைசியில் யாருக்குப் பொருந்தியது பாருங்கள்.

ஏஎம்டியும் யோக்கியம் இல்லை. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி சில போர்டுகளில் கருகியது, ப்ராசஸரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் பூட்டி, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் விட்டார்கள். இன்னொன்றையும் சித்தப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: ரைசன் 9 7950எக்ஸ் மாதிரி பெரியவை முழு வேலையில் 95 டிகிரி காட்டும், அது அப்படி ஓடத்தான் செய்யப்பட்டது. டிகிரி வேறு, வாட் வேறு. சின்னச் சில்லில் சூடு ஓரிடத்தில் குவியும், டிகிரி கூடத் தெரியும், ஆனால் உங்கள் அறையைச் சூடாக்குவதும் கரண்ட் பில்லை ஏற்றுவதும் வாட்தான்.

சரி, நம் வீட்டில் கணினி சூடாவதற்குப் பெரும்பாலும் இந்தச் சரித்திரம் எதுவும் காரணமில்லை. நான் முதல்முதலில் சொந்தமாக அசெம்பிள் செய்தது ஒரு மே மாதத்தில், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாக வாங்கி வந்து. ஆன் செய்தால் பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திட்டினேன், யுபிஎஸ்ஸைத் திட்டினேன், ப்ராசஸர் டூப்ளிகேட் என்று முடிவே கட்டிவிட்டேன். கடைசியில் கழற்றிப் பார்த்தால் கூலரின் அடியில் ஒட்டியிருந்த ப்ளாஸ்டிக் தாளை நான் உரிக்கவே இல்லை. அந்த ப்ராசஸர் எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை, அதன் மேல் ஒரு தப்பும் இல்லை. அதை மாற்றிக் கொடுங்கள் என்று மறுநாள் கடையில் போய்ச் சண்டை போட இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

இனி உங்கள் கணினிக்கு வருவோம். கேம், வீடியோ எடிட்டிங் என்று எதுவும் பெரிதாகச் சொல்லவில்லை, அதனால் சாதாரண உபயோகம் என்று எடுத்துக்கொள்கிறேன். ரைசன் 5 7600 வாங்குங்கள். 65 வாட், கூலர் பெட்டியிலேயே வரும், சின்னதாக ஒரு கிராஃபிக்ஸும் உள்ளே உண்டு. முக்கியமாக ஏஎம்5 சாக்கெட்டுக்கு (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) 2027 வரையாவது புது ப்ராசஸர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது, போர்டை மாற்றாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றலாம். இதற்கு முந்தைய ஏஎம்4இல் 2017இல் வாங்கிய போர்டிலேயே பயாஸ் அப்டேட் செய்து ரைசன் 5000 வரிசை போட்டவர்கள் உண்டு. இன்டெல்லில் அந்தப் பழக்கம் குறைவு, எனக்கு இந்த ஒன்றே போதும் ஏஎம்டி பக்கம் சாய.

சித்தப்பாதான் பணம் கொடுக்கிறார், இன்டெல்தான் வேண்டும் என்கிறார் என்றால் சண்டை வேண்டாம், ஐ5 12400 எடுங்கள், அந்த 2024 பிரச்சினைக்கு முந்தைய தலைமுறை. பெயருக்குப் பின்னால் எஃப் என்று இருந்தால் மட்டும் உள்ளே கிராஃபிக்ஸ் இருக்காது, தனி கார்டு இல்லாமல் மானிட்டர் கறுப்பாகத்தான் இருக்கும். செகண்ட் ஹேண்டில் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். மைக்ரோகோடு இனிமேல் கெடுவதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே கெட்டதைச் சரிசெய்யாது.

கூலரின் அடியில் தாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.