கேளுங்கள்: பெங்களூரு – லண்டன், எத்தனை மணி நேரம்?

கேள்வி: மகள் லண்டனில் படிக்கிறாள். ஜூலையில் பார்க்கப் போகிறோம். பிற்பகல் 1.30-க்குப் பெங்களூரில் ஏறினால் அன்று மாலை 7.30-க்கே லண்டன் என்கிறது டிக்கெட். திரும்பும்போதோ இரவு 8.30-க்கு ஏறி மறுநாள் காலை 11 மணிக்குத்தான் இறங்குகிறோம். போக 6 மணி நேரம், வர பதினாலரையா? தூரம் எவ்வளவு?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: டிக்கெட்டில் உள்ள நேரமெல்லாம் அந்தந்த ஊர் கடிகார நேரம். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். மற்ற மாதங்களில் ஐந்தரை. போகும்போது நாலரையைக் கூட்டுங்கள்: பத்தரை மணி நேரம். வரும்போது கழியுங்கள்: 10 மணி நேரம்.

நேர்த்தூரம் சுமார் 8,040 கி.மீ. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இது வராது. உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். அது மும்பை, கராச்சி, ஈரான், கருங்கடல் என்று வடக்கே வளைந்து போகும். அதுதான் குறுக்குவழி. ஆனால் உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடியிருக்கிறது, 2025 ஏப்ரலில் பாகிஸ்தானும் இந்திய நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதனால் பறக்கும் தூரம் நூலின் நீளத்தைவிடக் கூடும்.

மணிக்கு 900 கி.மீ. என்று வைத்தால் 8,040 கி.மீ.க்கு ஒன்பது மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, சுற்றுவழி எல்லாம் இதற்கு மேல். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமான காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அந்த அரை மணி நேர வித்தியாசம் அதனால்தான்.

கேள்வி: துபாய் வழியாகப் போனால் தூரம் ரொம்பக் கூடுமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: ரொம்ப இல்லை. பெங்களூரு–துபாய் சுமார் 2,700, துபாய்–லண்டன் சுமார் 5,500. மொத்தம் 8,200 கி.மீ. நேரத்தைத் தின்பது துபாயில் காத்திருப்பதுதான். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்குக் கொடுத்த பணம் போய்விடும்.

கேள்வி: 15-ஆம் தேதி 00.30 மணி விமானம். கிருஷ்ணகிரியிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?
– வாசகர், பர்கூர்

பதில்: 14-ஆம் தேதி மாலை! 15-ஆம் தேதி இரவு என்று நினைத்துப் போய் ஒரு நாள் தவறவிடுபவர்கள் உண்டு. தேதியை வீட்டில் எல்லோரும் ஒருமுறை பாருங்கள்.

பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 125 கி.மீ. வெளிநாட்டு விமானங்கள் டெர்மினல் 2-ல். இரவு 9.30-க்கு அங்கே நிற்க வேண்டும். ஓசூர் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று மாலை நெரிசலில் ஊருக்குள் போனால் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். அத்திப்பள்ளியில் வலப்புறம் திரும்பி சர்ஜாபுரா, ஹொசகோட்டை வழியாகப் போனால் நகருக்குள் நுழைய வேண்டாம். எந்த வழியானாலும் மாலை 5 மணிக்குக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியைத் தாண்டியிருங்கள். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் அல்லது அதற்கும் முன்பே பெட்டி போடும் கவுன்டரை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு கெஞ்சினாலும் ஏற்ற மாட்டார்கள்.