லேவியராகமத்தில் வறண்டுபோனால்?

கேள்வி: ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசிக்க, ஜனவரியில் முதல் புத்தகமான ஆதியாகமத்தைத் தொடங்கினேன். தினமும் சில அதிகாரங்கள். லேவியராகமம் வந்ததும் மனம் ஒட்டவில்லை, நாட்கள் தவறிப்போகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பலரும் நிற்கிற இடம்தான் அது. வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். ஓராண்டில் முடிக்க நாளுக்குச் சுமார் மூன்றே கால். ஒரு நாள் தவறி மறுநாள் ஆறேழாகச் சேர்த்து வாசித்தால் கண்தான் ஓடும். விட்டதை விட்டுவிட்டு, அன்றைய பகுதிக்கு வாருங்கள். லேவியராகமத்தின் பலி முறைமைகளை புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் 9, 10 அதிகாரங்களோடு சேர்த்து வாசியுங்கள், பொருள் விளங்கும்.

வறட்சி அதிகமானால் ஓட்டத்தை நிறுத்தி, 119ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். நாளுக்கு ஒன்று போதும். முதலில் வாய்விட்டு, நிதானமாக. மறுபடி வாசிக்கும்போது சங்கீதக்காரன் என்ன கேட்கிறான் என்று அடிக்கோடிடுங்கள். பிறகு அதையே உங்கள் ஜெபமாக்குங்கள். நான்காம் பகுதியின் தொடக்கத்தைப் பாருங்கள்: "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது." அவனுக்கும் வறட்சிதான்! அதை மறைக்காமல், "உமது வசனத்தின்படி என்னை உயிர்ப்பியும்" என்கிறான்.

செல்போனில் வாசிப்பவரானால், இந்த வாசிப்பு நேரத்துக்கு மட்டும் அச்சு வேதாகமத்துக்கு மாறுங்கள். குறிப்பு நோட்டு கட்டாயமில்லை. ஒரு வரி எழுதினால் போதும்.