பேஸ்மென்ட்டில் கேஸ் ஹீட்டர் வைக்கலாமா?

தம்பி, நீ கேட்டது இதுதான்: "அக்கா, டொரான்டோ ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட்டில் நாலு பேர் இருக்கிறோம். குளிர் தாங்கவில்லை. ரூம்மேட் அமெரிக்காவில் பஃபலோ போய் ஒரு புரொப்பேன் ஹீட்டர் வாங்கி வந்திருக்கிறான். பெட்டியில் வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்றே போட்டிருக்கிறது. ராத்திரி போட்டுக்கொள்ளலாமா?"

வேண்டாம். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

இப்போது விடுமுறைக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். சமையலறையில் சிலிண்டர், மேலே எப்போதும் திறந்தே கிடக்கும் வென்டிலேட்டர், கீழே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட கதவு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து கரண்ட் போனபோது இந்த வீட்டுக்குள்தான் நாள்கணக்கில் கரி அடுப்பு மூட்டிச் சமைத்தோம். ஒன்றும் ஆகவில்லை. ஆகாததற்குக் காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை, வீட்டில் இருந்த ஓட்டைகள். கடலூர் வீடு காற்று போய் வரக் கட்டியது. கனடா வீடு சூடு வெளியே போகாமல் இருக்க அடைத்துக் கட்டியது. அதிலும் பேஸ்மென்ட் ஒரு மூடிய டப்பா.

அந்தப் பழைய தைரியத்தில்தான் நான் மாட்டினேன். 2013 டிசம்பரில் டொரான்டோவில் பனிமழை பெய்து, மரக்கிளைகள் கண்ணாடிக் குச்சிகளாக உறைந்து ஒயர்மேல் விழுந்தன. நகரத்தில் சுமார் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. நாங்களும் அப்போது பேஸ்மென்ட்டில்தான் இருந்தோம். தெரிந்தவர் ஒருவர் சிலிண்டர் தலையில் மாட்டும் ஹீட்டரைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அறை கதகதப்பாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடி முழுக்க வியர்த்து, தண்ணீர் கோடு கோடாக இறங்கியது. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வரும். அது தெரியாமல் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குத் தலை கனத்தது, சரியாகச் சாப்பிடாததால் என்று நினைத்தோம். அப்புறம் மகள் வாந்தி எடுத்தாள். அந்த நேரம் பார்த்து மேல்மாடி வீட்டுக்கார யாழ்ப்பாணத்து அம்மா, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்கக் கீழே வந்தார். கதவைத் திறந்தவர், "என்ன பிள்ளை செய்யிறியள், உதை உடனை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தி எங்களை வெளியே இழுத்தார். வெளிக்காற்றில் கொஞ்ச நேரத்தில் மூன்று பேருக்கும் தலை தெளிந்தது. அப்போதே அவசர உதவி எண் 911-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நீ அந்தத் தவறைச் செய்யாதே.

எங்களைப் படுத்தியது கார்பன் மோனாக்சைடு, காற்று போதாமல் கேஸ் எரியும்போது வரும் விஷ வாயு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நம் ஊரில் கேஸ் என்றால் மூக்கை நம்புவோம், அந்த நாற்றம் கசிவைக் காட்டிக்கொடுக்கவே கலப்பது. எரிந்த பிறகு வருவதை மூக்கு காட்டாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டும் இடத்தில் இது 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவனுக்குத் தலைவலிகூடத் தெரியாது. காய்ச்சல் இல்லாமல் ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தலைவலி, குமட்டல் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உன் ரூம்மேட் 'சென்சார் இருக்கிறது' என்கிறானாம். அந்தச் சென்சார் பார்ப்பது ஆக்சிஜனை. சாதாரணமாக 21 சதவீதம் இருப்பது ஏறத்தாழ 18-க்கு இறங்கினால் அணைக்கும். கார்பன் மோனாக்சைடை அது அளப்பதே இல்லை. அமெரிக்கப் பெட்டியில் 'உள்ளே பயன்படுத்தலாம்' என்று வரும் அதே வகைச் சிறு ஹீட்டரைக் கனடாவில் 'வெளியில் மட்டும்' என்று போட்டு விற்கிறார்கள். நீ இருப்பது கனடா.

சிலிண்டரும் உள்ளே இருக்கக் கூடாது. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையில் படிந்து, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் நெருப்பு வரை ஊர்ந்து போகும்.

நாளை அமெரிக்காவில் அனுமதி உள்ள ஊருக்குப் போனால் மட்டும் இதை நினைவில் வை: உள்ளே பயன்படுத்தச் சான்று பெற்றது, சாய்ந்தால் தானே அணைவது என்று பார்த்து வாங்கு. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, துணிமணி மூன்று அடி தள்ளியே இருக்கட்டும், சிலிண்டரை வெளியில் வைத்து மாற்று, தூங்கும் முன் அணை.

சரி, குளிருக்கு என்ன வழி? வீட்டுக்காரரிடம் கேள். டொரான்டோவில் குளிர்காலத்தில் வாடகை வீட்டை 21 டிகிரிக்குக் குறையாமல் வைக்க வேண்டியது அவர் கடமை. மறுத்தால் நகராட்சியின் 311 எண்ணை அழை. இதற்குப் பயப்படாதே, புதிதாக வந்தவர்கள் பேசாமல் நடுங்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. கூடுதலாக வேண்டுமானால் கரண்டில் ஓடும் 1500 வாட் எண்ணெய் ஹீட்டர் போதும், அதில் எண்ணெய் உள்ளே அடைபட்டுச் சூடாகும், எரியாது. எக்ஸ்டென்ஷன் ஒயரில் மாட்டாமல் நேராகச் சுவரில் மாட்டு. ஒரே லைனில் இரண்டு மாட்டினால் பிரேக்கர் விழும்.

ஃபர்னஸ் கேஸில் ஓடும் வீட்டில் தூங்கும் அறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது ஒன்டாரியோவில் 2014 அக்டோபரிலிருந்து சட்டம். உங்கள் பேஸ்மென்ட்டில் இருக்கிறதா என்று இப்போதே பார். இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்து. பின்பக்கம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியையும் பார்த்துச் சொல்.

நான் அடுத்த வாரம் திரும்புகிறேன். எண்ணெய் ஹீட்டர் ஒன்று எங்கள் வீட்டில் சும்மாதான் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். அதுவரை அந்தச் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி நிமிர்ந்து நிற்கட்டும்.