சத்தம் கூடினால் வேகம் கூடுமா?

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கார் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அந்த எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவதையே தொழிலாகக் கொண்ட மெக்கானிக் பதிலளிக்கிறார்.

கேள்வி: 2005ஆம் ஆண்டு மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஆறு கியர் மாடலைப் பழைய காராக வாங்கியிருக்கிறேன். இன்டேக்கையும் (காற்று உள்ளே வரும் வழி) எக்ஸாஸ்ட்டையும் (புகை வெளியேறும் வழி) மாற்றிச் சக்தியைக் கூட்ட ஆசை. இந்த வேலை எனக்குப் புதிது. எதில் தொடங்கலாம்?

பதில்: இரண்டிலும் வேண்டாம். முதலில் கம்ப்ரெஷன் பாருங்கள், அதாவது எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று. பிஸ்டன் எஞ்சினுக்கு வைத்திருக்கும் கேஜ் இதற்கு உதவாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகங்கள்; மூன்றையும் தனித்தனியே காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். 250 ஆர்பிஎம் கணக்கில் எந்த முகமும் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போகக் கூடாது. போயிருந்தால், சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தை எஞ்சினுக்கு எடுத்து வையுங்கள்.

அடுத்தது பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கான நான்கு இக்னிஷன் காயில்களும் பிளக்குகளும். ‘வண்டி மேலே இழுக்கவில்லை, எக்ஸாஸ்ட் மாற்றித் தாருங்கள்’ என்று என்னிடம் வரும் ஆர்எக்ஸ்-8களில் பலவற்றுக்குத் தேவைப்படுவது நல்ல காயில்தான். காயில் சோர்ந்தால் பெட்ரோல் எரியாமல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளிருக்கும் பீங்கான் கூடு உருகி அடைத்துக்கொள்கிறது. புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் திணறுகிறது, சூடும் ஏறுகிறது. கன்வெர்ட்டரைக் கழற்றி ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பாருங்கள். நுண்ணிய கட்டங்கள் வழியே வெளிச்சம் சீராகத் தெரிந்தால் பிழைத்தீர்கள். குலுக்கினால் கலகலவென்று கேட்டால் அதற்கு ஆயுள் முடிந்தது.

இவையெல்லாம் சரியென்றால் இன்டேக் பற்றிப் பேசலாம். பேச அதிகமில்லை. தொழிற்சாலைப் பெட்டி காரின் முன்பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்றை எடுக்கிறது. அதைத் தூக்கிவிட்டுப் பானெட்டுக்குள் திறந்த கூம்பு ஃபில்டரை வைத்தால், எஞ்சின் தன் சூட்டையே மூச்சாக இழுக்கும். 30 டிகிரி காற்று 40 டிகிரி ஆனால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறைகிறது. சக்தியும் ஏறக்குறைய அதே அளவு போகும். உறுமல் மட்டும் உங்களுக்கு மிச்சம். ரோட்டரிக்குக் குழாயின் நீளமும் முக்கியம். 1991இல் லே மான் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி, ஆர்பிஎம்முக்கு ஏற்ப நீண்டு சுருங்கும் இன்டேக் குழாய்களோடு ஓடியது. உங்கள் காரிலும் ஆர்பிஎம் ஏற ஏற ஒவ்வொன்றாகத் திறக்கும் வால்வுகள் இருக்கின்றன. அவை ஒழுங்காகத் திறக்கின்றனவா என்று பார்ப்பது எந்தக் கூம்பையும்விட லாபம். பழைய பெட்டிக்குள் புதிய ஃபில்டர் ஒன்று போடுங்கள், போதும்.

எக்ஸாஸ்ட்டில் கன்வெர்ட்டருக்குப் பின்னாலிருக்கும் பகுதியை மட்டும் மாற்றுங்கள். நல்ல தொனி கிடைக்கும், எடையும் குறையலாம். விலை உயர்ந்த ஹெடர் (எஞ்சினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்கள்) உங்களுக்கு வேண்டாம். ஆர்எக்ஸ்-8இன் ரெனெசிஸ் எஞ்சினில் எக்ஸாஸ்ட் துளைகள் பக்கச் சுவரில் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் மூடிய பிறகே இன்டேக் திறக்கிறது. வெளியேறும் புகை உள்ளே வரும் காற்றை இழுத்துவிடும் வேலைக்கு இங்கே இடமில்லை. கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவது பல நாடுகளில் சாலைச் சட்டப்படி குற்றம். அந்தப் புகை நாற்றத்தோடு பின்னால் வருபவர்களைப் பற்றியும் கொஞ்சம் நினைக்கலாம்.

நீங்களே பூட்டப்போகிறீர்கள் என்றால், துருப் பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே துரு எண்ணெய் விடுங்கள். ரப்பர் தொங்கிகளுக்குச் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு வரும். கேஸ்கெட் புதிதாக இருக்கட்டும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் குழாய் வாயைச் சற்றே அழுத்துங்கள். இணைப்பில் ‘உஸ்’ என்று கேட்டால் மறுபடியும் முடுக்குங்கள்.

கேள்வி: எண்ணெய் தடவிய கூம்பு ஃபில்டரும் அகலமான குழாயும் போட்டதும் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. விற்றவர் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டச் சொல்கிறார்.

பதில்: விளக்கு அணையும், கோளாறு அப்படியே இருக்கும். காற்றை அளக்கும் சென்சாரில் சூடேறிய மெல்லிய கம்பி இருக்கிறது. ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால் அதன் மீது படிந்து அளவு தவறுகிறது. குழாய் அகலமானால் அதே காற்று மெதுவாக நகர்கிறது. சென்சார் குறைத்துக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் ஓரளவு சரிசெய்துவிடும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது அந்தக் காவல் இல்லை. சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவுங்கள், துணியோ விரலோ படக் கூடாது. பிறகு பழைய பெட்டியையே மாட்டுங்கள்.

கேள்வி: என்னுடையது 1987 ஆர்எக்ஸ்-7, டர்போ இல்லாதது. பெரிய எக்ஸாஸ்ட் போட்ட பிறகு சத்தம் அமர்க்களம். ஆனால் மேல் ஆர்பிஎம்மில் கார் முன்னைவிட மந்தம். மனப்பிரமையா?

பதில்: இல்லை. நான் மிகவும் ரசிக்கும் கோளாறு இது. உங்கள் எஞ்சினில் ஆறு இன்டேக் துளைகள். ஐந்தாவதையும் ஆறாவதையும் மேல் ஆர்பிஎம்மில் திறப்பது எக்ஸாஸ்ட்டின் பின்னழுத்தம். தாராளமான குழாய் போட்டு அந்த அழுத்தத்தை விரட்டிவிட்டீர்கள்; துளைகள் தூங்குகின்றன. அவற்றைத் திருப்பும் ஆக்சுவேட்டர் தண்டில் கிரீஸ் கொஞ்சம் தடவி, ஒருவரை ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். கிரீஸ் கலையவே இல்லையென்றால் தண்டு நகரவில்லை. கையால் திருப்பினாலும் அசையாவிட்டால் கரி பிடித்திருக்கிறது, சுத்தம் செய்யுங்கள். இலகுவாகத் திரும்பினால் அழுத்தம்தான் போதவில்லை. 1989 முதல் வந்த மாடல்களில் இந்த வேலையை ஏர் பம்ப் செய்கிறது. அவர்கள் கவலைப்பட வேண்டாம், பம்பைக் கழற்றாத வரை.

கேள்வி: 1993 ஆர்எக்ஸ்-7, இரட்டை டர்போ. டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையைக் கொண்டுபோகும் குழாய்) மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: டர்போ காரில் அது நிஜமாகவே சக்தி தரும், அபாயமும் அதிலேயே இருக்கிறது. புகை தாராளமாகப் போனால் பூஸ்ட் (டர்போ உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தம்) தானாக ஏறும், பெட்ரோல் ஈடுகொடுக்காவிட்டால் ரோட்டர் முனைகளிலுள்ள அபெக்ஸ் சீல் உடையும். முதலில் பூஸ்ட் கேஜ், அடுத்து ட்யூனிங்குக்கு நாள் குறித்தல், அதன் பிறகு குழாய். மூன்றுக்கும் பணம் சேரும்வரை குழாயைப் பெட்டியிலேயே வையுங்கள்.