ரெட்பட் மரம் வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி (விர்ஜீனியா): எங்கள் வட்டாரத்துக்கே உரிய பூமரமான ரெட்பட்டை வீட்டின் முன்புறம் நடலாமா, ஐயா?

பதில்: தாராளமாக நடலாம். செர்சிஸ் கனடென்சிஸ் எனப்படும் இம்மரம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், ஓங்கிய மரங்களின் கீழும் காட்டோரங்களிலும் தானாக வளர்வது. உங்கள் மாநிலத்து மவுன்ட் வெர்னான் பண்ணையில் ஜார்ஜ் வாஷிங்டனும் இதை நட்டு வளர்த்தார். பெரும்பாலும் 20 முதல் 30 அடி உயரமே வளர்வதால் சிறிய முற்றத்துக்கும் பொருந்தும். வெயிலையும் அரைநிழலையும் ஏற்கும் இம்மரம் வேரில் தேங்கும் நீரை மட்டும் பொறுக்காது. ஆகவே தோண்டிய குழியில் நீர் நிரப்பிப் பாருங்கள். மறுநாளும் வடியவில்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.

கேள்வி (டெக்சஸ்): சேகரித்த விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. காரணம் என்ன?

பதில்: இவ்விதைக்கு இரண்டு தடைகள் உண்டு. நீர் புகாத கடினமான தோல் ஒன்று. ஈரக்குளிரைக் கடந்த பிறகே உறக்கம் கலையும் கரு மற்றொன்று. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் விதைகளைப் போட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். உப்பியவற்றை மட்டும் எடுத்து, ஈர மணலில் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மாதம் வைத்திருந்து, வசந்தத்தில் விதையுங்கள். இந்த வரிசை மாறலாகாது. தோல் இளகாத விதையைக் குளிரில் வைத்தால் கருவுக்கு ஈரமே எட்டாது, அந்தக் குளிரும் வீணாகும். சுண்ணாம்பு மண்ணும் வறட்சியும் உள்ள இடமென்றால், பளபளக்கும் தடித்த இலைகளையுடைய டெக்சஸ் ரெட்பட்டின் விதையையே தேடிப் பெறுங்கள்.

கேள்வி (மிச்சிகன்): உறவினர் தோட்டத்தில் உள்ள 12 அடி மரத்தைப் பெயர்த்து நடலாமா?

பதில்: வேண்டாம். வேர் ஆழமாக இறங்கிய மரம் பெயர்த்தபின் பிழைப்பது அரிது. இளங்கன்றாக வாங்குங்கள், அதுவும் வடக்குப் பகுதியில் விளைந்த விதையிலிருந்து வந்ததா என்று நாற்றங்காலில் கேட்டு வாங்குங்கள். தெற்கத்திய விதையில் பிறந்த கன்று உங்கள் ஊர்ப் பனியில் கிளை கருகிவிடும்.

கேள்வி: இலை ஓரங்களில் வட்ட வட்டமாக வெட்டுகள் தெரிகின்றன. மருந்து தெளிக்கட்டுமா?

பதில்: தயவுசெய்து தெளிக்காதீர்கள். கூட்டின் அறைகளை அமைக்க இலைவெட்டித் தேனீ கொண்டுபோன துண்டுகள் அவை, மரத்துக்குக் கேடில்லை. ஒரு கிளை மட்டும் திடீரென வாடி, பட்டை குழிந்திருந்தால்தான் கவலை கொள்ள வேண்டும். அது சொறிநோயாக இருக்கலாம். புண்ணுக்குக் கீழே நல்ல பகுதிவரை வெட்டி அகற்றுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): இங்கு வளருமா?

பதில்: குளிர்கால உறக்கம் தேவைப்படும் மரம் என்பதால் நம் சமவெளிக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இதன் உறவினமும் சோழர் சூடிய மலரைத் தருவதுமான ஆத்தி இருக்கிறது, அதையே நடுங்கள்.

கேள்வி: கவாத்து எப்போது செய்யலாம்?

பதில்: பூத்து முடிந்தவுடன் செய்யுங்கள். பழைய கிளைகளிலும் அடிமரத்திலுமே இலைக்கு முன் பூக்கும் இம்மரத்தைக் குளிர்காலத்தில் வெட்டினால், அவ்வாண்டின் மொட்டுகளையும் சேர்த்து இழப்பீர்கள்.